தோள் உயர ஸ்பீக்கருக்கு ‘ஸ்மால்’: ஒரு 5.1 அமைப்பின் பேஸைச் சரிசெய்த விவரம்

நண்பனின் அண்ணன் வீட்டில் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த கனத்த ஒலியான பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமாகவே ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரியும். எது என்றுதான் பிடிபடவில்லை. “பேஸ் இருக்கு, ஆனா இல்ல. ஒருதடவை வந்து பாரேன்” என்றார் போனில். மைக், லேப்டாப், அளக்கும் டேப் சகிதம் போனேன். இரண்டு நாள் வேலை ஆனது. நடுவில் நானும் ஒரு தப்பு செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் சரக்கு என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர்கள், ஆள் தோள் உயரம், ஒவ்வொன்றிலும் ஆறரை அங்குல வூஃபர் (பேஸை எழுப்பும் கூம்பு) இரண்டு. கையேட்டின்படி 38 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் (எண் குறையக் குறைய ஒலி தாழும்). அந்த இடத்தில் ஒலி 6 டெசிபல் குறைந்திருக்கும். குரல் வரும் நடு ஸ்பீக்கரான சென்டரில் ஐந்தேகால் அங்குல வூஃபர் இரண்டு, 65 ஹெர்ட்ஸ் வரை. சுற்றுப்புற ஒலிக்கான சரவுண்ட் இரண்டும் நாலு அங்குல வூஃபர் வைத்த சின்னப் பெட்டிகள், 85 ஹெர்ட்ஸ் வரை. இவற்றோடு சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ள 12 அங்குல சப்வூஃபர் (சுருக்கமாக சப்), 25 ஹெர்ட்ஸ் வரை. அறை 5 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். சோபா பின்சுவரை ஒட்டியும், சப் முன்பக்க வலது மூலையிலும் இருந்தன. அந்த 5 மீட்டரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

புகார்கள் நான்கு. படத்தில் வெடிச்சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல வற்றிப்போய்க் கேட்கிறது. பாட்டு போட்டால் சப் வாயே திறப்பதில்லை. சத்தத்தைக் கூட்டினால் குரல் கரகரக்கிறது, இரண்டு முறை, ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் தானாகவே அணைந்துவிட்டது. நான்காவது அண்ணி சொன்னது: “செய்தி வாசிக்கிறவர் பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு தம்பி. ஆம்பளைக் குரல் மட்டும்தான் அப்படி.” அண்ணன் இதைப் புகார்க் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நானும் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி.

மெனுவில் என்ன இருந்தது

எதையும் தொடுவதற்கு முன் ரிசீவர் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இருந்த நிலை இது. முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’. சென்டரும் ‘லார்ஜ்’. சரவுண்ட் ‘ஸ்மால்’, கிராஸ்ஓவர் (ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லை) 80 ஹெர்ட்ஸ். சப் ‘உண்டு’, அதன் முறை ‘எல்.எஃப்.இ’ (படத்தின் தனி பேஸ் சேனல், விவரம் கீழே). எல்.எஃப்.இ சேனலுக்கான லோபாஸ் வடிகட்டி (எல்லைக்கு மேலே உள்ளதை அறுப்பது) 80 ஹெர்ட்ஸ். சப்பின் ட்ரிம் (ரிசீவர் அதற்கு அனுப்பும் சத்த அளவு) கழித்தல் 12 டெசிபல். சப்பின் தூரம் 4.4 மீட்டர். பிறகு சப்பின் முதுகுப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். கெயின் திருகு (சப்பின் சொந்த வால்யூம்) முக்கால் வட்டம், அதன் சொந்த கிராஸ்ஓவர் திருகு 60 ஹெர்ட்ஸ், ஃபேஸ் (அலையை முன்பின் தள்ளும் அமைப்பு) 180.

ரிசீவர் மைக் வைத்துத் தானே அளந்தபோது டவர்களுக்கு லார்ஜ் என்று அதுவேதான் போட்டது. சென்டரை லார்ஜாக மாற்றியது அண்ணன். “இவ்ளோ பெரிய சென்டருக்கு ஸ்மால்னு காட்டுச்சு, தப்பா அளந்துருக்கும்னு மாத்திட்டேன்” என்றார். தூரத்தையும் அவரே டேப் வைத்து அளந்து திருத்தியிருந்தார். எல்.எஃப்.இ வடிகட்டியை 120-லிருந்து 80-க்கு இறக்கியதும் அவர்தான்; எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் நல்லது என்று தோன்றியதாம். கோளாறில் பாதி இந்த நல்லெண்ணத்தில்தான் பிறந்திருக்கிறது.

அந்தச் சொல் செய்யும் குழப்பம்

ரிசீவர் மெனுக்களை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு ஒரு தீராத கோபம் உண்டு. ‘ஸ்பீக்கர் சைஸ்: லார்ஜ் / ஸ்மால்’ என்று கேட்டால் யாராக இருந்தாலும் பெட்டியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கேள்வியோ பெட்டியைப் பற்றியதே அல்ல. இந்த ஸ்பீக்கருக்கு வரும் பேஸை அதுவே சுமக்கட்டுமா, சப்பிடம் கொடுத்துவிடட்டுமா? அவ்வளவுதான் கேள்வி. லார்ஜ் என்றால் மேலிருந்து கீழ்வரை முழுதும் அந்த ஸ்பீக்கருக்கே போகும். ஸ்மால் என்றால் கிராஸ்ஓவர் எண்ணுக்குக் கீழே உள்ளது படிப்படியாக ஸ்பீக்கரிலிருந்து குறைந்து சப்புக்குப் போகும். கத்தி வைத்து வெட்டினாற்போல அல்ல, ஒரு சரிவாக. பெரும்பாலான ரிசீவர்களில் ஸ்பீக்கர் பக்கம் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் எண் பாதியாகும் அல்லது இரட்டிக்கும் இடைவெளி) 12 டெசிபல் சரிவும், சப் பக்கம் 24 டெசிபல் சரிவும் இருக்கும். ‘பேஸ் யாருக்கு?’ என்று கேட்டிருந்தால் அண்ணன் சரியாகப் பதில் சொல்லியிருப்பார்.

இன்னொரு குழப்பம் எல்.எஃப்.இ. 5.1-இல் உள்ள அந்தப் புள்ளி ஒன்றுதான் படத்தின் மொத்த பேஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கூடுதல் பேஸுக்கென்றே ஒதுக்கிய தனிச் சேனல். 120 ஹெர்ட்ஸ் வரை போகும், மற்றச் சேனல்களைவிட 10 டெசிபல் உரத்து ஒலிக்க இடம் வைத்திருக்கிறது. ஆனால் முன், சென்டர், சரவுண்ட் என ஒவ்வொரு சேனலுக்குள்ளும் அதனதன் பேஸ் தனியாக இருக்கிறது. ஸ்மால், லார்ஜ் என்பது இந்த இரண்டாம் வகை பேஸைப் பற்றியது. எல்.எஃப்.இ, சப் இருந்தால் சப்புக்குத்தான் போகும், நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும்.

இவ்வளவு தெரிந்தால் பாட்டுக்கு சப் ஊமையானது ஏன் என்பது விளங்கிவிடும். பாட்டு ஸ்டீரியோ, அதில் புள்ளி ஒன்று கிடையாது. டவர்கள் லார்ஜ் என்பதால் அவற்றின் பேஸும் சப்புக்கு வராது. அப்புறம் சப் எதை வாசிக்கும்? பாட்டு ஓடும்போது அதன் பின்னால் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்ட்பை விளக்கு சிவப்பாக எரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் இதற்கும் ஒரு மருந்து போட்டுப் பார்த்திருந்தார். சப் முறையை ‘எல்.எஃப்.இ + மெயின்’ என்று மாற்றினாராம். சப் வந்தது, ஆனால் ஒரே கும்மென்று இருந்ததால் பழையபடி ஆக்கிவிட்டார். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இந்தப் பெயர். யமஹாவில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’, ஆன்கியோவில் ‘டபுள் பேஸ்’. லார்ஜ் ஸ்பீக்கரின் பேஸை அதற்கும் கொடுத்து, அதே பேஸைப் பிரதியெடுத்து சப்புக்கும் கொடுப்பதுதான் இதன் வேலை. அறையின் மூன்று இடங்களிலிருந்து ஒரே பேஸ் புறப்பட்டால் சில அலைவரிசைகளில் கூடும், சிலவற்றில் ஒன்றையொன்று தின்னும். அவர் கேட்ட கும்மென்ற ஒலி அப்படிக் கூடிய இடங்கள். தின்று தீர்ந்த இடங்கள் காதுக்குத் தெரியாது, அளந்தால் தெரியும்.

சென்டர் ஏன் கரகரத்தது

ஒரே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே எழுப்ப, வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 40-இல் நாலு, 20-இல் பதினாறு. ஐந்தேகால் அங்குல வூஃபருக்குப் பதினாறு மில்லிமீட்டர் என்பது தாங்காத ஓட்டம். போதாததற்குச் சென்டரின் பெட்டியில் காற்றுத்துளை இருக்கிறது. துளைக்கென்று டியூன் செய்த அலைவரிசைக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைப் பிடித்து நிறுத்தாது. அது கட்டவிழ்த்த கன்றுபோல் ஓடும். அதே கூம்புதான் குரலையும் பேச வேண்டும். குரல் கரகரத்தது அதனால்.

ரிசீவர் அணைந்ததும் இதே கதைதான். 3 டெசிபல் கூட்ட இரு மடங்கு மின்திறன் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. சண்டைக்காட்சியில் அந்தத் திறனைப் பெரும்பாலும் விழுங்குவது பேஸ்தான். மூன்று முன் ஸ்பீக்கர்களும் லார்ஜ் என்று வைத்து வால்யூமைத் தூக்கினால் ரிசீவரின் பவர் சப்ளை ஒரு கட்டத்தில் கையை விரித்துவிடும். பக்கத்திலேயே, இந்த வேலைக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபையரோடு 12 அங்குல சப் தூங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை.

“அப்ப சென்டர ஸ்மால்னு போடு, ஒத்துக்கறேன். டவர எதுக்கு? தோள் உயரம் நிக்குது, அதப்போய் ஸ்மால்ங்கறியே” என்றார் அண்ணன்.

“தானா அளந்தப்போ ரிசீவர் அதுக்கு ஏன் லார்ஜ்னு போட்டுச்சு தெரியுமாண்ணா?” என்றேன். அளக்கும் மென்பொருள் எது எங்கே இறங்குகிறது என்று மட்டும் சொல்லும். 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் லார்ஜ் என்று போடுவது ரிசீவர் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் விதி. சுவர்கள் பேஸைத் தூக்கிவிடும் சின்ன அறையில் நடுத்தர டவர்கூட அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். மைக்குக்கு மெதுவாக 40 ஹெர்ட்ஸ் வாசித்துக் காட்டுவது வேறு, சண்டைக்காட்சியில் அதை உரக்க வாசிப்பது வேறு. அவர் பாதி மனதோடு தலையாட்டினார். முழுதாக ஒப்புக்கொண்டது இரண்டாம் நாளில்தான், அதுவும் என் பேச்சைக் கேட்டு அல்ல.

கொடுப்பவரும் வாங்குபவரும்

வெடிச்சத்தம் வற்றிப்போனதற்குக் காரணம் சப்பின் முதுகில் இருந்தது. சப்பின் சொந்த கிராஸ்ஓவர் திருகு, ரிசீவர் இல்லாமல் நேரடியாக இணைப்பவர்களுக்கானது. ரிசீவர் ஏற்கெனவே பிரித்துத்தான் அனுப்புகிறது. இங்கே சரவுண்ட் 80-இல் பேஸைக் கொடுக்கிறது, சப்போ 60-க்கு மேல் வாங்கமாட்டேன் என்கிறது. எல்.எஃப்.இ சேனலில் 120 வரை இருந்ததை மெனு 80-இல் அறுத்தது, மிச்சத்தைத் திருகு 60-இல் அறுத்தது. வெடிச்சத்தம் நெஞ்சில் அடிப்பதாகத் தோன்றவைக்கும் பகுதி ஏறக்குறைய இந்த 60-க்கும் 120-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதை இரண்டு முறை வடிகட்டிக் கீழே ஊற்றிவிட்டு வெடி சரியில்லை என்றால் எப்படி?

திருகை அதிகபட்சத்துக்குத் திருப்பினேன். சில சப்களில் இதற்கென்றே எல்.எஃப்.இ என்று தனி நிலையோ தனித் துளையோ இருக்கும். இருந்தால் அதுவே மேல். மெனுவின் எல்.எஃப்.இ வடிகட்டியைத் திரும்ப 120-க்குக் கொண்டுவந்தேன். ஃபேஸை 0 ஆக்கினேன்.

அடுத்தது கெயின். ட்ரிம் கழித்தல் 12 என்று நின்றதைப் பார்த்தவுடனேயே சந்தேகம் வந்தது, ஏனென்றால் பல ரிசீவர்களில் அதுதான் கடைசிப் படி. சப் அவ்வளவு உரக்க வைக்கப்பட்டிருந்தது. ரிசீவர் இறக்க முடிந்தவரை இறக்கிவிட்டு, இன்னும் எவ்வளவு இறக்க வேண்டும் என்று சொல்ல வழியில்லாமல் நின்றுவிட்டது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிசீவரிலிருந்து போகும் சிக்னல் அவ்வளவு மெலிந்தால், மெதுவான காட்சிகளில் சப்பின் ஆட்டோ ஸ்டாண்ட்பை விழித்துக்கொள்ளாது. எதிர்ப்பக்கமாக ட்ரிம் கூட்டல் 8, 10 என்று போனால் ரிசீவரின் சப் வெளியீடே திணறும். கெயினை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கி மறுபடி அளக்கவிட்டேன். ட்ரிம் கழித்தல் 2.5 என்று வந்தது. சுழியத்துக்குப் பக்கத்தில் எங்கே வந்தாலும் எனக்குத் திருப்திதான்.

இப்போது தூரம். புது அளவில் சப்புக்கு 5.6 மீட்டர் என்று வந்தது. அண்ணன் கை தானாக டேப்புக்குப் போனது. “பாரு, 4.4தான். எப்படிப் பாத்தாலும் 4.4.” டேப் பொய் சொல்லவில்லை. ஆனால் மெனுவில் தூரம் என்று எழுதியிருப்பது உண்மையில் நேரம். சப்புக்குள் இருக்கும் மின்னணுவும் வடிகட்டிகளும் ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வெளியே விடும். ரிசீவருக்கு அது தெரியாது; ஒலி வந்துசேர்ந்த நேரத்தை வைத்துக் கூடுதல் தூரம் என்று கணக்கு எழுதிவிடுகிறது. 1.2 மீட்டர் வித்தியாசம் என்றால் மூன்றரை மில்லிசெகண்ட். 80 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்கு 12.5 மில்லிசெகண்ட். அதாவது அண்ணனின் திருத்தம், ஸ்பீக்கரும் சப்பும் பேஸைக் கைமாற்றும் இடத்தில் இரண்டையும் கால் சுழற்சிக்கு மேல் விலக்கி வைத்திருந்தது. ஃபேஸ் திருகு 180-இல் வேறு. கைமாற்றும்போது ஒருவர் நீட்டுகிறார், மற்றவர் கையை இழுத்துக்கொள்கிறார்.

ரிசீவர் போட்ட எண்ணும் கடைசி வார்த்தை அல்ல. எல்லாவற்றையும் ஸ்மாலாக்கி, முன் ஸ்பீக்கருக்கும் சென்டருக்கும் 80, சரவுண்டுக்கு 120 வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். டவர் மட்டும் ஒரு கோடு, சப் மட்டும் ஒரு கோடு, இரண்டும் சேர்ந்து ஒரு கோடு. சேர்ந்த கோடு 80-க்குப் பக்கத்தில் தனித்தனிக் கோடுகளைவிடக் கீழே போயிருந்தால் இரண்டும் சண்டை போடுகின்றன என்று பொருள். போயிருந்தது; 7 டெசிபல் பள்ளம். சப்பின் தூரத்தை 30 சென்டிமீட்டர் படிகளாகக் கூட்டிக்கொண்டே போனேன். 6.2 மீட்டரில் பள்ளம் பாதி தூர்ந்தது. அதற்கு மேல் கூட்டினால் மறுபடி ஆழமானது. மிச்சப் பாதி எதற்கும் அசையவில்லை. அது ஏன் என்று அன்றைக்குப் பிடிபடவில்லை.

பழைய சண்டைக்காட்சியை அதே வால்யூமில் போட்டோம். வெடி வெடியாகக் கேட்டது. ரிசீவர் அணையவில்லை. பாட்டுக்கு சப்பின் விளக்கு பச்சையானது. அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

“பானை அப்படியேதான் இருக்கு” என்றார் அண்ணி.

என் தப்பு

குரல் சென்டரிலிருந்து வருகிறது, சென்டர் டிவி அலமாரியின் தட்டுக்குள் இருக்கிறது, ஆகவே கோளாறு சென்டரின் கீழ்ப்பகுதியில்தான். அதைச் சப்பிடம் தள்ளிவிட்டால் தீர்ந்தது. இப்படிக் கணக்குப் போட்டு சென்டரின் கிராஸ்ஓவரை 120-க்கு உயர்த்தினேன். இன்னும் மோசமானது. குரலின் அடிப்பாகம் மட்டும் பிய்ந்து வலது மூலைக்குப் போய்விட்டது. செய்தி வாசிப்பவர் நடுவில் உட்கார்ந்திருக்க, அவர் வயிறு மூலையிலிருந்து பேசியது.

80 ஹெர்ட்ஸ் என்ற எண்ணை டி.எச்.எக்ஸ் என்ற ஒலித்தர நிறுவனம் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் பெரும்பாலும் சொல்ல முடியாது, மேலே போகப்போகச் சொல்ல முடியும். சப் ஒரு மூலையில் இருக்கும்போது குரலை 120-இல் பிரித்தது என் அவசரம். திரும்ப 80-க்கு வந்தேன். இருட்டிவிட்டதால் அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பினேன்.

கிளம்பும்போது வாசலில் அண்ணி சொன்னார்: “ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் தம்பி. நான் எழுந்து நடந்துக்கிட்டே கேட்டா அந்தக் குரல் நல்லாத்தான் இருக்கு. சோபால போய் உக்காந்தாத்தான் பானை.”

எட்டு மாதமாக அவருக்குத் தெரிந்த விஷயம் இது. யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

சோபா

ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்த அலைவரிசையில் தானே முழங்கும் என்று தெரியும். 5 மீட்டருக்கு 34 ஹெர்ட்ஸ். பிறகு அதன் மடங்குகள், 69, 103. சுவரை ஒட்டிய இடத்தில் இவை அத்தனையும் உச்சத்தில் இருக்கும். அண்ணனின் சோபா அங்கேதான் கிடந்தது. ஆண் குரலின் அடிப்படை அலைவரிசை சுமார் 85-இலிருந்து 180 வரை. 103 அதன் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. பெண் குரல் பெரும்பாலும் இதற்கு மேலே தொடங்குகிறது. “ஆம்பளைக் குரல் மட்டும்” என்று அண்ணி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. மூலையில் இருக்கும் சப் அறையின் எல்லா முழக்கங்களையும் ஒன்றுவிடாமல் எழுப்பும் என்பதால், என் 120 ஏன் வினையானது என்பதும் சேர்ந்தே விளங்கியது.

மூன்றாவது முழக்கம், அதாவது 103, சுவரிலிருந்து அறை நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளி ஏறக்குறைய செத்துப்போகும். இங்கே அது 83 சென்டிமீட்டர். அடுத்த வாரம் போனதும் மெனுவைத் திறக்கவே இல்லை. மூன்று பேரும் சேர்ந்து சோபாவை அரை மீட்டர் முன்னே இழுத்தோம். உட்காருபவரின் தலை சுவரிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு வந்தது. அண்ணி உட்கார்ந்து செய்தி போட்டார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “பானை போச்சு” என்றார். மைக் வைத்தேன். 103-இல் இருந்த மேடு 9 டெசிபல் இறங்கியிருந்தது, 69-இல் இருந்தது 4. ரிசீவரின் எந்த அமைப்பாலும் நான் அவ்வளவு இறக்கியிருக்க முடியாது.

சப்பையும் மூலையிலிருந்து கிளப்பினோம். அண்ணன் நடு இருக்கையில் உட்காருவார், அண்ணி ஓரத்தில். 3.6 மீட்டர் அகலத்துக்கு முழக்கம் 48 ஹெர்ட்ஸ். அது அகலத்தின் நடுவில் இருக்காது, சுவரோரம் உரக்க இருக்கும். இருவரும் ஒரே சோபாவில் இரண்டு வேறு பேஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சப்பை முன்சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்தால் அந்த முழக்கம் எழும்பவே எழும்பாது. சரியாக நடுவில் அலமாரி நின்றது, ஆகவே அதை ஒட்டி ஒரு முழம் தள்ளி வைத்தோம். இரண்டு இருக்கைக்கும் இருந்த வேறுபாடு பெரும்பாலும் போய்விட்டது.

இடம் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. மறுபடி அளப்பு, மறுபடி கெயின், மறுபடி தூரம். முதல் நாளிலேயே சோபாவையும் சப்பையும் நகர்த்திவிட்டு மெனுவுக்குப் போயிருந்தால் பாதி வேலை மிச்சம். அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

டவர் ஸ்மால் ஆன கதை

அன்றைக்கு அசையாத அந்தப் பாதிப் பள்ளம் இப்போதும் 78 ஹெர்ட்ஸில் அப்படியே இருந்தது. டவரை மட்டும் தனியாக வாசிக்கவிட்டாலும் இருந்தது. அப்படியானால் சப்போடு சண்டை இல்லை. டேப்பை இப்போது நான் எடுத்தேன். டவரின் முகத்திலிருந்து பின்னே இருக்கும் சுவர் 1.1 மீட்டர். பேஸ் எல்லாப் பக்கமும் பரவும். பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது 2.2 மீட்டர் கூடுதலாக நடந்து வருகிறது. 78 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.4 மீட்டர். சரியாகப் பாதி அலை தாமதம். நேராக வந்ததைத் திரும்பி வந்தது கழித்துவிடுகிறது. இதை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. எவ்வளவு கூட்டினாலும் கழிப்பதும் அதே அளவு கூடும்.

டவரைச் சுவரோடு ஒட்டினால் பள்ளம் மேலே ஏறும், ஆனால் பாட்டில் பாடகர் நடுவில் நிற்பது போன்ற அந்தத் தோற்றம் கலைந்துவிடும். அண்ணன் பல வாரம் நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்த இடம் அது. எனக்கும் அதைக் கலைக்க மனமில்லை. சப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் முகம் சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர். அதன் பள்ளம் 214 ஹெர்ட்ஸில் விழும், சப்போ அங்கே வேலையே செய்வதில்லை.

டவரை ஸ்மாலாக வைப்பதற்கு ஸ்பீக்கரைக் காப்பது, ரிசீவரைக் காப்பது என்று பல காரணம் சொல்வார்கள். எனக்கு இதுதான் முதற்காரணம். டவரில் மேல் ஒலிக்கான பகுதியும் வூஃபரும் ஒரே பெட்டியில் இருப்பதால், மேல் ஒலிக்கு நல்ல இடத்தில் நிறுத்தினால் பேஸுக்கு எது வாய்க்கிறதோ அதுதான். பேஸைத் தனியே கழற்றி சப்பிடம் கொடுத்துவிட்டால் இரண்டையும் அதனதன் நல்ல இடத்தில் வைக்கலாம்.

டவரின் கிராஸ்ஓவரை 80-இலிருந்து 90-க்கு உயர்த்தினேன். பள்ளத்தின் பெரும்பகுதி சப்பின் எல்லைக்குள் போய்விட்டது. கிராஸ்ஓவர் மாறியதால் சப்பின் தூரத்தை மறுபடி தேடிப் பிடித்தேன். கடைசியாக நின்றது 5.3 மீட்டர். சப் நடுவுக்கு வந்துவிட்டதால் 90-இலும் அது எங்கே இருக்கிறது என்று காதில் தெரியவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். லார்ஜ் என்று ஒருமுறை, ஸ்மால் என்று ஒருமுறை, அவருக்குப் பிடித்த பாட்டின் அதே முப்பது விநாடியைத் திரையைப் பார்க்காமல் கேட்கச் சொன்னேன். லார்ஜில் பேஸ் கிட்டார் ஏறும்போது நடுவில் இரண்டு சுரம் மெலிந்து போனது. ஸ்மாலில் எல்லாச் சுரமும் ஒரே பருமனாக வந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டேன், மூன்று முறையும் சரியாகச் சொன்னார். “சரி, ஸ்மாலே இருக்கட்டும்” என்றவர், “யாராவது கேட்டா மெனுவக் காட்டாத” என்றும் சேர்த்துக்கொண்டார்.

சென்டருக்கு 90, சரவுண்டுக்கு 120. இவை ரிசீவர் தானே அளந்து போட்ட எண்களைவிட உயர்ந்தவை. ஆடிஸி போன்ற அளப்பு முறைகளில் கிராஸ்ஓவரை உயர்த்தலாம், இறக்கக் கூடாது. ஒரு ஸ்பீக்கர் இறங்குவதாகக் கண்ட எல்லைக்குக் கீழே அந்த ஸ்பீக்கருக்கு அவை திருத்தம் எழுதுவதில்லை. இறக்கினால் அந்த இடைவெளி திருத்தமே இல்லாமல் ஒலிக்கும்.

கடைசியில் ஒரு சின்ன ஏமாற்றம் எல்லோருக்கும் வரும், அவருக்கும் வந்தது. “பேஸ் கொறஞ்சிடுச்சே?” எட்டு மாதம் முழக்கத்தைக் கேட்டுப் பழகிய காதுக்குச் சமமான பேஸ் மெலிந்துதான் தோன்றும். தவிர, வால்யூம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸை மற்ற ஒலியைவிடக் குறைத்தே கேட்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். ஆடிஸியின் டைனமிக் ஈக்யூ, யமஹாவின் ஒய்.பி.ஏ.ஓ வால்யூம் போன்றவை இதற்காகத்தான். அவர் ரிசீவரில் இருந்ததை இயக்கிவிட்டு, சப்பின் ட்ரிம்மை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். பேஸ் டோன் திருகைத் தொடவேண்டாம் என்றேன். ட்ரிம் சப்பை மட்டும் கூட்டும். டோன் திருகு பேஸுக்கு மேலே குரலின் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கூட்டும். பானை கதவைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. “தம்பி, பாட்டுக்கு மறுபடியும் சப் செத்துப்போச்சு. படத்துக்கு நல்லா இருக்கு.” ரிமோட்டில் என்ன முறை என்று பார்க்கச் சொன்னேன். ‘ப்யூர் டைரக்ட்’ என்றார். பெயரைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும் போலிருந்தது என்று அழுத்தினாராம். பல ரிசீவர்களில் அந்தப் பொத்தான் நடுவில் உள்ள எல்லாச் செயலாக்கத்தையும் விலக்கிவிடும்; கிராஸ்ஓவரும் அதில் ஒன்று. டவருக்கு எல்லாம் போகும், சப்புக்கு எதுவும் போகாது. சாதாரண ஸ்டீரியோவுக்கு மாற்றச் சொன்னேன். போனில் கேட்கும்படியே சப் விழித்துக்கொண்டது.

34 ஹெர்ட்ஸ் மேடு இன்னும் 5 டெசிபல் அளவுக்கு இருக்கிறது. சோபாவை அரை மீட்டர் நகர்த்தியதெல்லாம் அந்த நீளமான அலைக்கு உறைக்கவில்லை. ரிசீவரின் திருத்தம் கொஞ்சம் அமுக்குகிறது, மிச்சம் படத்தில் விமானம் கிளம்பும்போது தெரிகிறது. பின்சுவரின் நடுவில் இரண்டாவது சப் ஒன்று வைத்தால் அது இறங்கும். சோபாவுக்குப் பின்னால் இப்போது அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அண்ணி துணி காயவைக்கும் ஸ்டாண்டை மடக்கி வைத்திருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.